தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால்: காவிரிப் படுகையில் வீடற்றோருடன் வேலை செய்ய வருபவர்களுக்கு

திருவையாற்றுக்குப் பக்கத்தில் திங்களூர் இருக்கிறது. அப்பூதி அடிகள் அங்கே தண்ணீர்ப் பந்தல் வைத்து, அதுவரை தான் கண்ணால்கூடப் பார்த்திராத திருநாவுக்கரசரின் பெயரை அதற்குச் சூட்டினார் என்ற கதையைக் கேட்காமல் இந்தப் பக்கத்தில் யாரும் வளர்வதில்லை. சித்திரை வெயிலில் பானை வைத்து மோரும் பானகமும் ஊற்றுவது நமக்குப் பழகிப்போன காரியம். அதனால் தெருவில் வாழ்பவர்களுக்கு ஏதாவது செய்யலாம் என்று கிளம்புகிறவர்கள் எல்லாரும் முதலில் தூக்குவது தண்ணீர் பாட்டிலைத்தான். நானும் அப்படித்தான் போனேன்.

கும்பகோணத்தில் ஒரு சித்திரை மாத இரவு, மணி ஒன்பதரை இருக்கும். மூடிய கடை வாசலில் உரச்சாக்கை விரித்து ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு லிட்டர் பாட்டிலை நீட்டினேன். வாங்கினார், மூடியைத் திறந்தார், ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்துச் சாக்கடையில் துப்பினார். மூடியைத் திருகி, பாட்டிலைப் புடவையில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். "குடிங்க பாட்டி" என்றேன். "காலைல குடிச்சுக்கிறேன் தம்பி. இப்பக் குடிச்சா ராவுல எங்க போறது?"

பேருந்து நிலையத்துக் கழிப்பிடத்தைப் பத்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் அவர் தண்ணீரைத் தொடுவதே இல்லை என்பது அடுத்தடுத்த நாள் பேச்சில்தான் தெரிந்தது. சர்க்கரை இருக்கிறது, நீர்க்கடுப்பும் இருக்கிறது. வெயிலோ நெருப்பாகக் கொட்டுகிறது. இருந்தாலும் குடிப்பதில்லை.

அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை கொஞ்சம் தலைகீழாக இருக்கும். முதலில் கழிப்பறை, அதற்கப்புறம்தான் தண்ணீர். நம் ஊர்களில் குழாய் இல்லாமல் இல்லை, கழிப்பறையும் இல்லாமல் இல்லை. பூட்டு, நேரம், ஐந்து ரூபாய், இருட்டு, இந்த நாலும்தான் இடையில் நிற்கின்றன. புதிதாக எதையும் கட்டுவதற்கு முன் இந்த நாலையும் அசைத்துப் பாருங்கள்.

முதல் வாரம்: கையில் ஒன்றும் வேண்டாம்

ஒரு வாரம் சும்மா நடங்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். போக வேண்டிய நேரம் இரண்டு. ஒன்று இரவு ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை. அப்போதுதான் யார் எங்கே படுக்கிறார்கள் என்று தெரியும். இன்னொன்று விடியற்காலை நாலரை. அந்த நேரத்தில்தான் அவர்கள் ஒதுங்க இடம் தேடி நடப்பார்கள். பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு "இங்கே அவ்வளவு பேர் இல்லையே" என்று எழுதி வைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் பாதிப் பேர் கோயில் வாசலில் இருப்பார்கள், மீதிப் பேர் பழைய பேப்பர், பிளாஸ்டிக் பொறுக்கப் போயிருப்பார்கள்.

பேருந்து நிலையம், ரயிலடி, அரசு மருத்துவமனை வாசல், குளத்துப் படித்துறை, பாலத்தடி, மார்க்கெட், மூடிக் கிடக்கும் கடைத் திண்ணை, எல்லாவற்றையும் பாருங்கள். கும்பகோணத்தில் மகாமகக் குளத்தைச் சுற்றி, திருவாரூரில் கமலாலயக் குளக்கரையில், மயிலாடுதுறையில் காவிரித் துலாக்கட்டத்தில், நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் ஆட்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள். கோயிலுக்கு என்று கூட்டி வந்து பெற்றவர்களை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகள் உண்டு. அப்படி விடப்பட்டவர்கள் பல நாள் அதே தூணடியில் காத்திருப்பார்கள். அவர்களிடம் ஊரைப் பற்றி முதல் நாளே கேட்காதீர்கள்.

ஊருக்கு வெளியே இருப்பவர்களை மறந்துவிடக் கூடாது. அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வயலில் ஆட்டுக்கிடை போட வரும் கீதாரிகள், வரப்பில் குடிசை மாதிரி ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டு தங்கும் வாத்துக்காரர்கள், பூம்பூம் மாட்டுக்காரக் குடும்பங்கள், செங்கல் சூளையில் தங்கி வேலை செய்பவர்கள். சிலருக்குச் சொந்த ஊரில் வீடு இருக்கும். இங்கே இருக்கும் இரண்டு, மூன்று மாதமும் அவர்களுக்குக் குழாயும் கிடையாது, கழிப்பறையும் கிடையாது.

நோட்டில் என்ன எழுதுவது? ஒவ்வொரு கழிப்பிடத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எத்தனை மணிக்குத் திறக்கிறது, எத்தனை மணிக்குப் பூட்டுகிறது, என்ன கட்டணம், உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, விளக்கு எரிகிறதா, வாளியும் குவளையும் இருக்கின்றனவா, தண்ணீர் எந்த நேரத்தில் நிற்கிறது, முழங்கால் மடக்க முடியாதவர் உட்கார வழி உண்டா. ஒருமுறை நீங்களே உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பாருங்கள். வாசலில் நின்று "நல்லாத்தான் இருக்கு" என்று எழுதுவது ஒன்றுக்கும் உதவாது. பெண்கள் பக்கத்தைப் பார்க்கப் பெண் ஒருவர் கூட வர வேண்டும். இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

குழாய்க்கும் அதே மாதிரி ஒரு பக்கம். தெருக்குழாயில் எப்போது தண்ணீர் வருகிறது, யார் முதலில் பிடிக்கிறார்கள், வெளியாள் பிடித்தால் யாராவது விரட்டுகிறார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். காலை ஐந்தரைக்கு அங்கே நின்றால் தானாகத் தெரியும்.

பேசும்போது உட்கார்ந்து பேசுங்கள். பாட்டி, ஐயா, அம்மா, அண்ணே, அக்கா என்று கூப்பிட்டால் போதும். யாரையும் நீ, வா, போ என்று பேசாதீர்கள், குடித்திருந்தாலும் சரி. போனை வெளியே எடுக்காதீர்கள். படம் பிடித்துப் போட்டுப் பணம் திரட்டலாம் என்று சொல்லும் நண்பர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரைக் கணக்கு எழுத விடுங்கள்.

கழிப்பறை

கட்டணக் கழிப்பிடத்தை நகராட்சியோ மாநகராட்சியோ பெரும்பாலும் குத்தகைக்கு விட்டிருக்கும். குத்தகைதாரர் ஒருவர், வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் வேறொருவர். மேலே மனு எழுதுவதற்கு முன் மேசைக்காரரிடம் பேசுங்கள். பல இடங்களில் அவரும் அதே கட்டடத்தில்தான் படுக்கிறார், அவர் சம்பளமும் பெரிதாக ஒன்றும் இருக்காது. அவரை வில்லனாக நினைத்துக்கொண்டு போனால் வேலை நடக்காது. ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "ராத்திரி யாராவது கதவைத் தட்டுறாங்களா அண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். நமக்குத் தெரியாத கணக்கெல்லாம் அவரிடம் இருக்கும்.

ஒரு நாளைக்கு மூன்று தடவை போனால் பதினைந்து ரூபாய், குளியலுக்குத் தனி. பிச்சை எடுத்துச் சாப்பிடுகிறவருக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு. இதைச் சமாளிக்க நாங்கள் முதலில் டோக்கன் போட்டோம். சின்னப் பிளாஸ்டிக் வில்லை, ஆளுக்கு வாரம் இருபது. இரண்டாவது வாரமே பக்கத்து டீக்கடையில் இரண்டு டோக்கனுக்கு ஒரு டீ என்று நாணயமாகிவிட்டது. டீக்கடைக்காரர் அவற்றைச் சேர்த்துக் கழிப்பிடத்தில் கொடுத்துக் காசாக்கிக்கொண்டார். எங்களோடு இருந்த ஒருவருக்குக் கடுங்கோபம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நாலரை மணிக் குளிரில் டீதான் அவசரம் என்றால் அதுவும் ஒரு தேவைதானே. ஆனால் மாதக் கணக்கு உதைத்தது.

பிறகு இப்படி மாற்றினோம். மேசைக்காரரிடம் ஒரு நோட்டு. தெருவில் தங்குபவர் ஒருவர் உள்ளே போனால் ஒரு கோடு. பெயர் கிடையாது, ஆண் பெண் என்று மட்டும். மாதக் கடைசியில் கோடுகளை எண்ணிக் குத்தகைதாரருக்குப் பணம். அதற்கு மேல் மேசைக்காரருக்கு இரவில் கதவு திறப்பதற்கென்று ஒரு தொகை. கோட்டில் கொஞ்சம் கூடக்குறைய இருந்திருக்கலாம், நாங்கள் தோண்டவில்லை. இரவு பத்திலிருந்து காலை நாலு வரை பெண்கள் பக்கத்தில் ஒரே ஒரு அறை திறந்திருந்தது, விளக்கு எரிந்தது. அவ்வளவுதான் கேட்டோம்.

இலவசக் கழிப்பறைகளும் உண்டு. "நம்ம டாய்லெட்" என்ற பெயரில் சில ஊர்களில் வைத்தவை, 2014 அக்டோபர் 2-ல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தில் வந்தவை எனப் பல. இவற்றில் எது ஓடுகிறது, எதில் தொட்டி காலி, எதில் கதவே இல்லை என்று நோட்டில் இருக்கும். தண்ணீர் வராத இலவசக் கழிப்பறையைவிடத் தண்ணீர் வரும் கட்டணக் கழிப்பறை மேல். புதுத் தாழ்ப்பாள், வாளி, குவளை, எல்இடி பல்பு எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். அனுமதி வாங்கி இதை முதல் மாதமே செய்துவிடுங்கள். குவளையைச் சங்கிலி போட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் மூன்று நாள்கூடத் தங்காது.

வயதானவர்களுக்குக் கைப்பிடி வேண்டும். சுவரில் ஒரு இரும்புக் குழாயைப் பதித்தாலே போதும். மேற்கத்திய பீங்கான் வைக்க வழியில்லை என்றால், நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் கமோடு நாற்காலி மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. அதைப் பகலில் மேசைக்காரர் அறையில் வைத்துக்கொள்ளலாம்.

எத்தனை இடம் வேண்டும் என்று அதிகாரிகள் கேட்பார்கள். பேரிடர் முகாம்களுக்கு உலக அளவில் வைத்திருக்கும் கணக்கைச் சொல்லுங்கள். அவசரக் கட்டத்தில் 50 பேருக்கு ஒன்று, நிலைமை கொஞ்சம் சீரானதும் 20 பேருக்கு ஒன்று. பெண்களுக்கு ஆண்களைப் போல மூன்று மடங்கு. நம் ஊர்க் கழிப்பிடங்கள் பலவற்றில் கணக்கு நேர்மாறாக இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் வளைந்து கொடுக்காதீர்கள். செப்டிக் டேங்க் நிரம்பி வழிகிறது, யாரையாவது இறக்கிச் சுத்தம் பண்ணிவிடலாம் என்று ஒருவர் சொல்வார். தெருவில் படுத்திருக்கும் ஒருவரையே அதற்குக் கூப்பிடவும் பார்ப்பார். மலக்குழியில் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே இருக்கும் வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குகிறவரையும் சேர்த்து. கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்கள், செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டாலும் சரி.

இப்போது தண்ணீர்

இந்தப் படுகையில் தண்ணீரைப் பற்றிப் பேசினால் மேட்டூரிலிருந்துதான் தொடங்க வேண்டும். வழக்கப்படி ஜூன் 12-ல் அணை திறக்கும், ஜனவரி 28-ல் மூடும். 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். நீர் இல்லாத ஆண்டில் தள்ளிப்போகும். தெருவில் இருப்பவர்களுடைய குளியல், துவையல், ஒதுங்கல் எல்லாம் இந்த நாள்காட்டியில்தான் ஓடுகின்றன. அரசலாற்றிலும் குடமுருட்டியிலும் வடவாற்றிலும் தண்ணீர் ஓடும்போது குளிக்கக் காசு வேண்டாம். மாசி முடிந்து மணல் தெரிய ஆரம்பித்தால், ஆற்றில் ஊற்றுத் தோண்டி, தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புவார்கள். கோடையில் உங்கள் வேலை இரண்டு மடங்கு என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

ஆற்று நீரையும் குளத்து நீரையும் குடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆனால் "அசுத்தம்" என்று சொல்லி ஆரம்பிக்காதீர்கள். காவிரியை அசுத்தம் என்றால் பாட்டிமார் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். "குளிக்கக் காவேரி, குடிக்கக் குழாய்" என்று எங்களோடு இருந்த அக்கா ஒருவர் சொல்வார், அது எடுபட்டது. ஊற்று நீர் தெளிவாக இருக்கும், ருசியாகவும் இருக்கும். பத்தடி தள்ளி யாராவது ஒதுங்கியிருந்தால் அந்தத் தெளிவு ஒன்றுக்கும் உதவாது. புதுத் தண்ணீர் வரும்போது கலங்கல் தெளியத் தேற்றாங்கொட்டையை உரசுவார்கள், படிகாரத்தைச் சுழற்றுவார்கள். இரண்டும் கலங்கலைத் தெளிய வைக்கும், கிருமியை முழுதாகக் கொல்லாது. தெளிந்த பிறகு குளோரின் போட வேண்டும், இல்லையென்றால் கொதிக்க வைக்க வேண்டும். தெருவில் அடுப்பு ஏது? ஆக, குளோரின்தான்.

கடலோரத்துக்குப் போகப் போகக் கைப்பம்புத் தண்ணீர் உப்புக் கரிக்கும். நாகை, வேதாரண்யம் பக்கமெல்லாம் குடிநீர் கொள்ளிடத்திலிருந்து குழாயில்தான் போகிறது. அங்கே வேலை செய்பவர்கள் கைப்பம்பைக் காட்டி "தண்ணீர் இருக்கிறது" என்று எழுதக் கூடாது. ஒரு டம்ளர் குடித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அளவு: முகாம் கணக்குப்படி ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாத் தேவைக்குமாகக் குறைந்தது 15 லிட்டர். அதில் குடிக்க மட்டும் இரண்டரை, மூன்று லிட்டர். ஆக, ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டு வருவது எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் செய்வது இதுதான். அடியில் குழாய் வைத்த இருபது லிட்டர் கேன்களை ஒத்துக்கொள்கிற கடை வாசலிலோ சத்திரத்துத் திண்ணையிலோ வைப்போம். குழாய் வைத்ததை வாங்குவதற்குக் காரணம், யாரும் கையையோ குவளையையோ உள்ளே விட முடியாது. காலையில் தெருக்குழாயில் தண்ணீர் வரும்போது நிரப்புவோம். நிரப்பியதும் குளோரின் மாத்திரை. மாத்திரை பல அளவில் வருகிறது, எத்தனை லிட்டருக்கு ஒன்று என்று அட்டையில் போட்டிருக்கும். அதைப் படிக்காமல் போன தடவை மாதிரியே போடாதீர்கள். போட்டபின் குறைந்தது அரை மணி நேரம் யாரும் பிடிக்கக் கூடாது. குழாயில் ஒரு துணியைக் கட்டி வைப்போம், துணியை அவிழ்த்தால் குடிக்கலாம் என்று அர்த்தம்.

பெரிய தொட்டி என்றால் பிளீச்சிங் பவுடர். நல்ல தூளாக இருந்தால் 1,000 லிட்டருக்கு இரண்டரையிலிருந்து நாலு கிராம் வரை. தூளை அப்படியே கொட்டக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் நீர் விட்டுக் குழைத்து, இன்னும் நீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் விடுங்கள். மூட்டை திறந்தே கிடந்து நமுத்துப்போன பவுடரில் நாற்றம் இருக்கும், சக்தி இருக்காது. குளோரோஸ்கோப் என்ற சின்னப் பெட்டி சுகாதார ஆய்வாளரிடம் இருக்கும். தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும், அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். குழாயின் கடைக்கோடியிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. நிறமே வரவில்லை என்றால் அந்தத் தெருவில் பேசாமல் நகராதீர்கள், வீட்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் அது செய்தி.

"மருந்து வாடை அடிக்குது" என்பார்கள். உண்மைதான், அடிக்கும். மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் ஆற விட்டால் குறையும். வெட்டிவேர் போட்டால் வாடை மறையும் என்று ஒரு அன்பர் போட்டார். வேரில் ஒட்டியிருந்த மண்ணோடு போட்டதில் கேனையே திரும்பக் கழுவ வேண்டியதாயிற்று.

கேனைக் கழுவுவது யார் என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். வாரம் இருமுறை. பாசி பிடித்த கேன் நாலு மாதத்தில் எல்லாக் குழுவிலும் தென்படும்.

குளியல், துணி, மாதவிடாய்

ஆண்கள் எப்படியோ குளித்துவிடுவார்கள். பெண்கள் படித்துறையில் புடவையோடு முங்கி, ஈரத்தோடு நடந்து, உடம்பிலேயே காய விடுகிறார்கள். மாற்றுத் துணி இருந்தாலும் மாற்ற மறைப்பு இல்லை. துலாக்கட்டம் மாதிரி தீர்த்தத் துறைகளில் உடை மாற்றும் அறை இருக்கும், திருவிழா முடிந்ததும் பூட்டிக் கிடக்கும். சாவி யாரிடம் என்று கேளுங்கள். ஐப்பசியில் திறக்கிற கதவு வைகாசியிலும் திறக்கும்.

சோப்பு கொடுத்தால் பாதியாக அறுத்துக் கொடுங்கள், முழுதாக இருந்தால் திருடு போகும். அரிப்பும் சிரங்கும் இருந்தால் ஒருவருக்கு மட்டும் மருந்து வாங்கித் தராதீர்கள். பக்கத்தில் படுப்பவர்கள் எல்லாரையும் ஒரே நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய், துணியையும் சேர்த்து வெந்நீரில் துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் சுற்றிச் சுற்றி வரும்.

வளரிளம் பெண்களுக்கு அரசின் புதுயுகம் திட்டத்தில் நாப்கின் வருகிறது, பள்ளி, அங்கன்வாடி வழியாக. தெருவில் இருக்கும் முப்பது, நாற்பது வயதுப் பெண் அந்தக் கணக்கில் வர மாட்டார். நாப்கினா துணியா என்று அவரையே கேளுங்கள். துவைத்துக் காயப்போட வெயில் படும் மறைவான இடம் இல்லாதவருக்குத் துணி நல்லதில்லை. நாப்கின் கொடுத்தால் கூடவே பழைய செய்தித்தாளும், கழிப்பிடத்தில் மூடி போட்ட வாளியும் வேண்டும். இந்த வாளியை யார் காலி செய்வது என்று தூய்மைப் பணியாளரிடம் முன்கூட்டியே பேசி, அவருக்குக் கையுறை வாங்கிக் கொடுங்கள். நம்முடைய நல்ல காரியத்தின் குப்பையை அவர் தலையில் கட்டக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை

அடைமழைக் காலத்தில் வேலை வேறு மாதிரி. படித்துறை முங்கிவிடும், பாலத்தடியில் தண்ணீர் ஏறும், எல்லாரும் பேருந்து நிலையத்தில் நெருக்கியடித்துப் படுப்பார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது மின்சாரம் போய், மோட்டார் ஓடாமல், மேல்நிலைத் தொட்டிகள் காலியாகக் கிடந்தன. வீடு உள்ளவர்களே குடத்தோடு அலைந்தார்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் எல்லாக் கேன்களையும் நிரப்பி உயரத்தில் ஏற்றிவிடுங்கள். குளோரின் மாத்திரை ஒரு மாதத்துக்கு இருக்கட்டும்.

வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம். இல்லாத நேரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது, முக்கியமாகக் குழந்தைக்கு. கண் குழிந்து, கூப்பிட்டால் பதில் இல்லை என்றால் 108. வயல் நீரிலும் தெருவெள்ளத்திலும் வெறுங்காலோடு நடந்தவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். காசு மிச்சமிருந்தால் மழைக்கு முன் ரப்பர் செருப்பு வாங்குங்கள். போர்வையைவிட அது முக்கியம் என்பது என் கணக்கு.

அலுவலகம்

இரண்டு மாத நோட்டு கையில் இருந்தால் இப்போது மேலே போகலாம். முதலில் வார்டு கவுன்சிலர், அடுத்து சானிட்டரி இன்ஸ்பெக்டர், அதற்கு மேல் ஆணையர். நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள், அல்லது முதல்வர் உதவி மையத்தின் 1100 என்ற எண். மனுவில் கருணையைப் பற்றி எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்:

"பேருந்து நிலையப் பெண்கள் கழிப்பிடம் இரவு 10 மணிக்குப் பூட்டப்படுகிறது. அதைச் சுற்றி இரவு தங்கும் பெண்கள் 14 பேர், அதில் 60 வயதுக்கு மேற்பட்டவர் 9 பேர். இரவு 10 முதல் காலை 4 வரை ஓர் அறையைத் திறந்து வைக்கவும், வெளி விளக்கை எரிய விடவும் கேட்டுக்கொள்கிறோம். தாழ்ப்பாள், வாளிச் செலவை நாங்கள் ஏற்கிறோம்."

ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. ஏழு கோரிக்கை எழுதினால் ஏழும் "பரிசீலனையில்" போகும். நகல் எடுத்து முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு அலுவலகத்தில் எங்கள் மனுவை மூன்று தடவை தொலைத்தார்கள். மூன்றாவது தடவை முத்திரையிட்ட நகலைக் காட்டியதும் பத்து நாளில் விளக்கு எரிந்தது.

வீடற்றோர் தங்கும் விடுதியையும் கேளுங்கள். நகரங்களில் லட்சம் பேருக்கு, நூறு பேர் தங்கும் அளவுக்கு ஒரு விடுதி வேண்டும் என்பது விதிமுறை. உச்ச நீதிமன்றமும் இதைப் பலமுறை வலியுறுத்தியிருக்கிறது. ஆனால் விடுதி இருக்கிறது என்பதற்காக எல்லாரையும் அங்கே தள்ளப் பார்க்காதீர்கள். கணவன் மனைவியாக இருப்பவர்கள், நாய் வைத்திருப்பவர்கள், விடியுமுன் பூ கட்டப் போகிறவர்கள் போக மாட்டார்கள். அவர்கள் போகாவிட்டாலும் விடுதியின் கழிப்பறையையும் குளியலறையையும் பகலில் அவர்களுக்குத் திறந்துவிட முடியுமா என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்து யாரும் கேட்பதில்லை, கேட்டால் சில சமயம் சரி என்கிறார்கள்.

மனநலம் சரியில்லாதவர்களுக்கு 14416-ல் ஆலோசனை கிடைக்கும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போகலாம். அவர்களைப் பிடித்து வலுக்கட்டாயமாகக் குளிப்பாட்டி முடி வெட்டிப் படம் போடும் வேலை மட்டும் வேண்டாம்.

கும்பகோணத்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மகாமகம் 2016-க்குப் பிறகு 2028-ல் வருகிறது. ஊர் முழுக்கத் தற்காலிகக் கழிப்பறைகளும் குடிநீர்த் தொட்டிகளும் முளைக்கும், விழா முடிந்ததும் லாரியில் ஏறிவிடும். பெண்கள் இரவு தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு கழிப்பறையும் ஒரு தொட்டியும் நிரந்தரமாக நிற்கட்டும் என்று திட்டம் போடும்போதே கேட்க வேண்டும். டெண்டர் விட்ட பிறகு கேட்டால் காது கேட்காது. நோட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே நடக்க ஆரம்பியுங்கள், விடியற்காலை நாலரைக்கு.